எட்டணா வலி

நோயாளியின் கட்டிலில் தொங்கும் காய்ச்சல், நாடி எழுதுகிற தாளில் 'வலி' என்று ஒரு கட்டம் சேர்த்தது என் யோசனைதான். சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் மாணவிகள் பயிற்சிக்குப் போகிற மருத்துவமனை ஒன்றில் மூன்று மாதம் அலைந்து அனுமதி வாங்கி, 0 முதல் 10 வரை எண் போடச் சொல்லி, வார்டு வார்டாகப் போய் விளக்கி, அந்தக் கட்டத்தைக் கொண்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துத் தாள்களை வாங்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் 3. காலை 6 மணிக்கு 3, 10 மணிக்கு 3, இரவு 10 மணிக்கும் 3. குடல்வால் ஆபரேஷன் முடிந்த பையனுக்கு 3. சர்க்கரைப் புண்ணுக்குக் கால் விரல் எடுத்த பெரியவருக்கும் 3. மதியமே டிஸ்சார்ஜ் ஆகி ஆத்தூர் பஸ் ஏறிவிட்ட ஒரு அம்மாவுக்கு அன்று ராத்திரியும் 3 போட்டிருந்தார்கள்.

டூட்டியில் இருந்த நர்ஸிடம் ஏன் எல்லாம் மூணு என்று கேட்டேன். அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். "ஒண்ணு போட்டா, அப்புறம் ஏன் மாத்திரை குடுத்தீங்கன்னு கேப்பாங்க மேடம். ஆறு போட்டா, டாக்டர்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. மூணு போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

வலியைப் பற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகு நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான். எண்ணை எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி நம்புவது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கும் யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நானே ஒரு தடவை நம்பாமல் விட்டதால்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை அப்போது. ஆண்கள் எலும்பு வார்டில் இரவு டூட்டி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் பையன், 19 வயது, ஏற்காடு மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து வந்திருந்தான். மாவுக்கட்டு போட்டு வார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து மணிக்கு ஊசி போட்டேன். பதினோரு மணிக்கு அவனுடைய அம்மா வந்து, "பையன் துடிக்கிறான் சிஸ்டர்" என்றார். இப்பத்தானே போட்டேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பன்னிரண்டுக்கு வந்தார். ஒரு மணிக்கு வந்தார். இரண்டு மணிக்கு வந்தபோது நான் சத்தம் போட்டேன். வார்டில் முப்பத்தைந்து பேர் இருக்கிறார்கள், உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் எலும்பு உடைந்ததா என்று கேட்டேன். ரிப்போர்ட் புத்தகத்தில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியும் வைத்தேன்.

காலை ஏழு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பையனின் கால் கட்டை விரலைப் பிடித்து லேசாக மேலே வளைத்தார். அவன் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. கட்டுக்குள்ளே கால் வீங்கி, தசைகளை மூடியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருந்தது. ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று படித்து, பரீட்சையில் எழுதி, ஐந்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை பிழைப்பது கஷ்டம் என்றுகூட எழுதியிருப்பேன். மாவுக்கட்டை வெட்டி, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தசை உறையைக் கீறி விட்டார்கள். கால் தப்பியது. ஆனால் முன்பாதம் தொங்கிவிட்டது. கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவன். அப்புறம் அவனால் எப்படி உட்கார முடிந்தது என்று எனக்குத் தெரியாது. தேடிப் போய்ப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

ஊசி போட்ட பிறகும் குறையாத வலி, முறிவுக்கு மீறிய வலி, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி என்றால், மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நாடி தெரிகிறதே, விரல் சூடாக இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. நாடி கடைசியில்தான் போகும். கட்டை அடியில் இருக்கும் பஞ்சு வரை முழுசாகப் பிரிக்க வேண்டும். வீக்கம் வடியட்டும் என்று தலையணை அடுக்கிக் காலை உயரத் தூக்கி வைக்கக் கூடாது. இருதய மட்டத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் வகுப்பிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். சொல்லும்போது 'நான்' என்றுதான் சொல்வேன். 'ஒரு நர்ஸ்' என்று மூன்று வருஷம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் அந்த நர்ஸைத் திட்டிவிட்டு மறந்துவிட்டார்கள்.

நான் படித்த காலத்தில் வலிக்கென்று தனி வகுப்பே கிடையாது. மருந்தியலில் வலி நிவாரணிகள் என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். உலக வலி ஆய்வுச் சங்கம் 1979-லேயே வலியை உடல் உணர்வு மட்டுமல்ல, மன அனுபவமும்தான் என்று வரையறுத்துவிட்டது. 2020-ல் அதைத் திருத்தியபோது, ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்று குறிப்பிலேயே சேர்த்தார்கள். அமெரிக்க நர்ஸ் மார்கோ மெக்காஃப்ரி 1968-லேயே சொல்லிவிட்டார்: அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, அவர் எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது இருக்கிறது. ஒரு நர்ஸ் இதை இவ்வளவு நேராகச் சொன்னார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் இந்த வரியைப் பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. அதனால் ஐஸ் வாளி. பக்கத்து ஜூஸ் கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கி வாளித் தண்ணீரில் போட்டு, ஒவ்வொருத்தராக மணிக்கட்டு வரை கையை விடச் சொல்வேன். இருதயக் கோளாறு, குளிரில் விரல் நீலமாகிற தொந்தரவு, கையில் காயம் இருப்பவர்கள் செய்ய வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் வைக்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே வாளி, ஒரே தண்ணீர். ஒருத்தி பதினெட்டாவது வினாடியில் எடுத்துவிடுவாள். இன்னொருத்தி இரண்டு நிமிடமும் சிரித்துக்கொண்டே நிற்பாள். வகுப்பு கைதட்டும். சீக்கிரம் எடுத்தவளைப் பார்த்துக் கேலியும் நடக்கும். அந்தக் கேலிக்காகத்தான் நான் காத்திருப்பேன். "பதினெட்டு வினாடியில் எடுத்தவள் நடிக்கிறாளா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "அப்போ நேத்து வார்டுல அஞ்சாம் நம்பர் கட்டில் அம்மா நடிக்கிறாங்கன்னு யார் சொன்னது?" வகுப்பு அமைதியாகிவிடும்.

அப்புறம் இரண்டாவது சுற்று. சீக்கிரம் எடுத்த பெண்ணின் பக்கத்தில் அவளுடைய தோழியை உட்காரவைத்து, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க் கதை பேசச் சொல்வேன். பெரும்பாலும் நேரம் கூடும். எப்போதும் கூடாது. ஒரு தடவை தோழி பேசிய கதையில் கோபம் வந்து அந்தப் பெண் பத்து வினாடியில் கையை எடுத்துவிட்டாள். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிடுகிறோமே, அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விஞ்ஞானிகள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-ல் கொடுத்த விளக்கத்தை இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். தொடு உணர்வு உள்ளே நுழைந்தால் வலிக்கு வழி குறுகும். மூளையும் மேலிருந்து அந்தக் கதவை இழுத்துச் சாத்தும். பயமும் தனிமையும் அதையே திறந்தும் விடும்.

அடுத்த வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பலகையைத் துடைத்துவிட்டு, உங்கள் வீட்டில் வலியை எப்படியெல்லாம் சொல்வார்கள், ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை எழுதுங்கள் என்பேன். முதலில் 'வலி', 'நோவு' என்று தயங்கித் தயங்கி எழுதுவார்கள். பத்து நிமிடத்தில் பலகை போதாது. குத்துது, குடையுது, கடுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுருக்குன்னு இழுக்குது, முறுக்கிப் பிடிக்குது, மதமதன்னு இருக்குது, மரத்துப் போச்சு, திகுதிகுன்னு எரியுது, எறும்பு ஊருது, கரண்டு அடிக்குது, அம்மிக்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது. ஓமலூர்ப் பெண் ஒருத்தி 'உளைச்சல்' என்று எழுதினாள். அவள் பாட்டி கால் உளைச்சல் என்றுதான் சொல்வாராம், மன உளைச்சல் என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாதாம்.

இந்த வார்த்தைகள் அத்தனையும் நோய் கண்டுபிடிக்கும் கருவிகள். விண்விண் என்று தெறித்தால் சீழோ அழற்சியோ இருக்கிறதா பார். விட்டு விட்டு முறுக்கினால் குடல், சிறுநீர்க் குழாய், கர்ப்பப்பை. நெஞ்சில் பாரம், அம்மிக்கல் என்றால் வலி இல்லை என்று அவரே சொன்னாலும் ஓடிப்போய் இசிஜி எடு. எரிச்சல், கரண்ட், எறும்பு, மதமதப்பு நான்கும் நரம்பு கெட்டதன் பேச்சு. நரம்பு வலிக்கென்று உலகமெங்கும் பயன்படுத்துகிற கேள்விப் பட்டியல்கள் கேட்பதும் இதைத்தான். எரிகிறதா, மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்திருக்கிறதா. நம் பாட்டிகள் கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதும்போது எல்லாம் 'பெயின் பிரசன்ட்' ஆகிவிடுகிறது! வார்த்தையை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுது என்று சொல்லச் சொல்ல, மார்க் குறைத்துவிடுவார்கள் மேடம் என்கிறார்கள். உண்மைதான், சில இடங்களில் குறைக்கிறார்கள். நான் குறைக்க மாட்டேன்.

எல்லாம் ஒன்றுகூடி விளங்கியது ஏற்காட்டில். சமுதாய நலப் பயிற்சிக்காக மாணவிகளை மலைக்குக் கூட்டிப் போவோம். இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவது திரும்புவதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்துவிடுவார்கள், அது தனிக் கதை. காப்பித் தோட்டத்து லைன் வீடுகளில் ஒன்றில் ஒரு ஆயா. எழுபது இருக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியையும் காப்பிச் செடியையும் பார்த்துப் பார்த்தே வயசானவர். காலில் வலி என்று ஒவ்வொரு சந்தை நாளும் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். கடையில் வலி மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். எத்தனை வருஷமாக என்று கேட்டால், "பேத்தி வயசுக்கு வந்ததுல இருந்து" என்றார். பேத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

என் மாணவி, மேட்டூர்க்காரப் பெண், அழகாக முன்னால் உட்கார்ந்து, "ஆயா, வலி இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. உங்களுக்கு பத்துக்கு எத்தனை?" என்றாள்.

"எதுக்குக் கண்ணு பத்து?"

முக வரைபடத்தை நீட்டினாள். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு வட்டங்கள். ஆயா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவன் ஏன் இப்படிப் பல்ல இளிக்கிறான்?" என்றார். அந்த வரைபடம் குழந்தைகளுக்காகச் செய்தது, ஆயாவைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் குறுக்கிட்டு, "ரூபாய்க்கு எத்தனை அணா வலி இருக்கு ஆயா?" என்றேன். பதினாறணா ஒரு ரூபாய் என்ற பழைய கணக்கில் என் அப்பாயி அப்படித்தான் சொல்வார். ஆயாவின் முகம் மாறியது. "ராத்திரியில பதினாறணாவும் இருக்கும் கண்ணு. போர்வை பட்டாக்கூட ஆகாது. மிளகா அரைச்ச கை மாதிரி திகுதிகுன்னு எரியும். விடிஞ்சா எட்டணா. நடந்துட்டா அதுவும் தெரியாது." ஒரே மூச்சில் எத்தனை தகவல். ராத்திரி கூடுகிறது, எரிகிறது, துணி பட்டாலே வலிக்கிறது, நடந்தால் தெரிவதில்லை. மாணவிக்குப் பலகை ஞாபகம் வந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது.

ஆயாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டால் சொல்லுங்கள் என்றாள். முட்டியில் தொட்டாள், "ம்" என்றார். கெண்டைக்காலில் "ம்". பாதத்தில் தொட்டாள். சத்தமே இல்லை. விரல் நுனியில் தொட்டுக்கொண்டே இருந்தாள். ஆயா கண்ணை மூடியபடியே, "தொடு கண்ணு, ஏன் சும்மா நிக்கிற?" என்றார்.

மாணவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வலிக்கிற காலில் எப்படி உணர்வே இல்லை என்று நூறு தடவை வகுப்பில் கேட்டிருப்பார்கள். பஞ்சை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குதிகாலில் ஒரு கொப்புளம் இருந்தது. ராத்திரி செங்கல்லைச் சூடு பண்ணித் துணியில் சுற்றிப் பாதத்துக்கு ஒத்தடம் வைத்துக்கொள்வாராம். சுட்டது அவருக்குத் தெரியவில்லை. ஒத்தடம் நல்ல வைத்தியம், இடுப்புப் பிடிப்புக்கும் கழுத்துக்கும் நானே வைத்துக்கொள்கிறேன். உணர்வு செத்த பாதத்துக்கு மட்டும் ஆகாது. மாணவிகளில் ஒருத்தி 'ஏன் இப்படியெல்லாம் பண்றீங்க' என்று ஆரம்பித்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். நாம் திட்டினால் அடுத்த தடவை ஆயா செங்கல்லைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பார். ஒத்தடம் வேண்டுமென்றால் முட்டிக்கு மேலே வையுங்கள், சூட்டை முதலில் பேத்தி தொட்டுப் பார்க்கட்டும் என்று சொன்னோம்.

நரம்பைக் கெடுத்தது சர்க்கரையோ என்று விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், 300-ஐத் தாண்டியிருந்தது. இத்தனை வருஷம் ஊசி போட்டும் யாரும் பார்த்ததில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்த டாக்டர் சர்க்கரைக்கு மருந்தோடு, நரம்பு எரிச்சலுக்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ஒன்று எழுதினார். சாதாரண வலி ஊசி இந்த எரிச்சலை அதிகம் தொடாது. நாள்பட்டுப் போட்டால் சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்தைத்தான் தொடும். ஆனால் அமிட்ரிப்டிலினைக் கையில் கொடுத்தனுப்பினால் மட்டும் போதாது. இன்றைக்குப் போட்டு நாளைக்குக் கேட்காது, இரண்டு வாரம் ஆகலாம், வாய் உலரும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து அப்புறம் எழுந்திருங்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரை குப்பையில், ஆயா சந்தை ஊசிக்கு.

ஒரு மாதம் கழித்து அதே மாணவி போய்க் கேட்டாள். "ஆறணா போச்சு கண்ணு" என்றாராம். மீதிப் பத்தணா இருக்கிறதே மேடம் என்று முகம் வாடி வந்தாள். வலி 30 சதவீதம் குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு. பதினாறணாவில் அது ஐந்தணாகூட இல்லை. ஆயா தூங்குகிறாரா என்று கேட்டேன். போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறாராம். வலியை முழுசாக எடுத்துவிடுவோம் என்று நாள்பட்ட வலிக்காரர் யாரிடமும் வாக்குக் கொடுக்க வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்க முடியுதா, திரும்பிப் படுக்க முடியுதா, கக்கூஸில் உட்கார்ந்து எழ முடியுதா, விசேஷத்துக்குப் போய் வர முடியுதா என்று கேளுங்கள். அதில் ஒன்று கூடினாலும் கணக்கில் சேரும்.

மாணவிகளுக்கு நடத்துவது ஒரு வகை. வேலையில் பத்து, இருபது வருஷம் ஊறினவர்களுக்கு நடத்துவது வேறு. இரவு டூட்டி முடித்துவிட்டு, வீட்டில் சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். படம் காட்டினால் தூங்கிவிடுவார்கள், அதில் தப்பே இல்லை. உங்களுக்கு வந்ததிலேயே மோசமான வலி எது என்று கேட்டுத்தான் தொடங்குவேன். பிரசவம், கிட்னிக் கல், பல். மாதவிலக்கு வலியை யாராவது ஒருத்தி கடைசியில்தான் சொல்வாள், சொன்ன பிறகு பாதிப் பேர் கை தூக்குவார்கள். அப்போது எது உதவியது என்று கேட்டால் அம்மா பக்கத்தில் இருந்தார், கணவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்றெல்லாம் உருக்கமாக வரும். ஒரு சீனியர் சிஸ்டர் மட்டும், "என் பக்கத்துல யாருமில்ல. ஊசி போட்டாங்க, நின்னுடுச்சு. ஊசி போட்டதே போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதும் சரிதான். ஆறுதல் பேசுவதைக் கற்றுக் கொடுக்கிறேன் என்று மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதற்கு அவரைத்தான் இப்போதும் உதாரணம் சொல்கிறேன்.

அபினிலிருந்து எடுக்கும் கடும் வலி மருந்தான மார்ஃபின் என்ற வார்த்தையைச் சொன்னதும் அறை இறுகும். நியாயமான பயமும் இருக்கிறது, வீண் பயமும் இருக்கிறது. போதைக்காக வலி மாத்திரை விற்றதாகக் கைது என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். டிரமடாலைக்கூட 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1990-களில் காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தத்தோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறி என்று கொண்டாடி, ஓபியாய்டு என்கிற மார்ஃபின் வகை மருந்துகளை அள்ளிக் கொடுத்து, பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மறுபக்கத்தைச் சொல்வேன். அம்மாப்பேட்டையில் தறி நெய்த ஒரு பெரியவர். வாய்ப் புற்று. பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்குமாகக் கடைசி இரண்டு மாதம் கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மார்ஃபின் மாத்திரை ஏன் இல்லை என்று மகன் கேட்டதற்கு, "அதெல்லாம் கடைசியில்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கே என்று சொல்ல மாட்டேன். எங்கேயும் நடக்கிறதுதான்.

1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினைக் கிட்டத்தட்ட பூட்டிவைத்தது. ஒரு பாட்டிலுக்குப் பல லைசென்ஸ் என்ற நிலை. 2014-ல் திருத்தம் வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே இடத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அதற்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்களில் முக்கியமானவர் கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். சட்டம் திறந்த பிறகும் நம் தலைக்குள் பூட்டு இருக்கிறது.

அதனால் அளவைக் கையில் வைத்தே பேசுவோம். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு வாய் வழியாக, கடிகாரப்படி கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. பலகையில் ஒரு கடிகாரம் வரைவேன். சாதா மார்ஃபின் மாத்திரையின் வேலை நாலு மணி நேரம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. ராத்திரி 10 மணிக்கு இரண்டு மடங்கு, அப்போதுதான் நடுராத்திரி 2 மணிக்கு யாரும் எழ வேண்டாம். நடுவில் வலி பாய்ந்தால் ஒரு வேளை அளவையே கூடுதலாகக் கொடுக்கலாம், கொடுத்ததை எழுத வேண்டும். வயதானவர், உடம்பு மெலிந்தவர் என்றால் 2.5 மில்லிகிராமில் தொடங்கு. சிறுநீரகம் கெட்டிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடாதே. சீட்டில் மார்ஃபின் இருந்து மலமிளக்கி இல்லையென்றால் சீட்டைத் திருப்பி அனுப்பு. குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகும், மலச்சிக்கல் பழகவே பழகாது. மூச்சு மெதுவாகிறதா என்பதற்கு முன்னால் தூக்கம் ஆழமாகிறதா என்று பார், எழுப்பினால் எழுந்து பேசுகிறாரா பார். அப்புறம், முதுகுவலிக்கும் முட்டிவலிக்கும் இது மருந்தில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன்.

"இதைக் குடுத்தா அப்பா சீக்கிரம் போயிடுவாரா?" என்று மகன் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் இரண்டு பேரை உட்காரவைத்து நடித்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு இளம் டாக்டர் மருந்து செயல்படும் விதத்தை விளக்கோ விளக்கு என்று விளக்கினார். மகனாக நடித்த நர்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், ஆனா போயிடுவாரா?" என்றாள். அப்புறம் டாக்டர் நிறுத்தி, "அவரைக் கொண்டுபோறது நோய்தாங்க, மருந்தில்ல. இதைக் குடுத்தா இருக்கிற நாள் வரைக்கும் கத்தாம, உங்ககூடப் பேசிக்கிட்டு இருப்பார்" என்றார். அதற்கு மேல் யாரும் நன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக்கே நோய்த் தணிப்பு நர்ஸ் போகிறார். இந்தப் பயிற்சிகளில் அதிகமாகக் கேள்வி கேட்பவர்கள் அவர்கள்தான். வார்டில் டாக்டர் வரும் வரை காத்திருக்கலாம். வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து நோயாளியின் மனைவி கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு ஒரே ஒரு விஷயம். தடுப்பூசி போடும்போது கைக்குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்கிப் பிடிக்காதீர்கள். அம்மா மடியில் நிமிர்த்தி வைத்து, தாய்ப்பால் கொடுக்கும்போதே போடலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே எழுதிவைத்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். வரிசையில் எண்பது குழந்தை நிற்கும்போது அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வரும் என்று கிராம சுகாதார நர்ஸ் ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த வலிக் கட்டத்தை மாற்றிவிட்டேன். எண் இப்போது கட்டாயம் இல்லை, வேண்டுமானால் போடலாம், அணாவிலும் போடலாம். அதன் பக்கத்தில் நோயாளி சொன்ன வார்த்தை ஒரு வரி. அதற்கடுத்து, மருந்து கொடுத்த பிறகு திரும்பக் கேட்ட நேரம். ரத்தக் குழாயில் போடும் ஊசி என்றால் அரை மணிக்குள், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில். இந்த மூன்றாவது கட்டம்தான் இன்னும் பாதித் தாளில் காலியாக இருக்கிறது. ஆள் பற்றாக்குறை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 3 போடுவது நின்றுவிட்டது. கேட்காதவர்கள் இப்போது காலியாக விடுகிறார்கள். அதுவே எனக்குப் பெரிய முன்னேற்றம்.

போன மாதம் ஒரு பழைய மாணவி ராத்திரி மூன்று மணிக்குப் போன் செய்தாள். இப்போது எலும்பு வார்டில் வேலை. முன்கை முறிந்து கட்டுப் போட்ட ஒருவருக்கு ஊசி போட்டு அரை மணி ஆகியும் குறையவில்லை, விரலை நீட்டினால் கத்துகிறார், டாக்டரை எழுப்பினேன் என்றாள். அவர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கட்டு கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. பிரித்ததும் நோயாளி தூங்கிவிட்டார். "இதுக்கா எழுப்பினீங்க" என்று அவர் முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"தப்புப் பண்ணிட்டேனா மேடம்?"

"கூப்பிட்ட நேரம் எழுதினியா?"

"2.40-ன்னு எழுதியிருக்கேன்."

"நோயாளி என்ன சொன்னார்?"

"'கைக்குள்ள இருந்து எதையோ பிச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு'ன்னு சொன்னார் மேடம். அப்படியே எழுதியிருக்கேன், தமிழ்லயே."

சரி, போய் அவர் விரல் நகத்தை இன்னொரு தடவை பார்த்துட்டு வா, லைன்லயே இருக்கிறேன் என்றேன். செருப்புச் சத்தம் வார்டு நீளத்துக்கும் போய்த் திரும்பி வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது என்றாள்.